நியூயோர்க்கில் ஒரு வாக்கு, கொழும்பில் ஒரு கையொப்பம்: காஸா யுத்தத்தில் எமது அரசாங்கத்தின் பங்கு என்ன?

காலை வேளையில் மருதானை ரயில் நிலையத்தில் இறங்கும் கூட்டத்தைக் கவனித்திருப்பீர்கள். கடவுச்சீட்டும் மருத்துவ அறிக்கையும் வைத்த கோவையைக் கையில் பிடித்துக்கொண்டு, முகவரி கேட்டுக்கேட்டு நடக்கும் பெண்களும் இளைஞர்களும் அதில் இருப்பார்கள். இங்குள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் நிலையங்களைத் தேடி வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு மத்திய கிழக்கு என்பது செய்தியில் பார்க்கும் ஓர் இடமல்ல. பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கூரை, அடகில் இருக்கும் நகை எல்லாம் அங்குதான் இருக்கின்றன.

அதே மருதானையில் ஒராபி பாஷாவின் பெயரில் ஒரு வீதியும் இருக்கிறது. 1882இல் எகிப்தை ஆக்கிரமித்த பிரித்தானியரை எதிர்த்து நின்று, 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டவர் அவர். 1892இல் மருதானையில் ஸாஹிராவின் அத்திவாரமாக அமைந்த மத்ரஸா உருவானபோது, சித்திலெவ்வை, வாப்பிச்சி மரிக்கார் ஆகியோரோடு அவருடைய பெயரும் சேர்ந்தே சொல்லப்படுகிறது. ஆக, அந்த மண்ணில் நடக்கும் சண்டை இந்த ஊரைத் தொடுவது இன்று நேற்று வந்த விடயமல்ல.

காஸா யுத்தம் தொடங்கிய 2023 ஒக்டோபர் முதல் எமது மக்களிடம் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. இந்த யுத்தத்தில் எமது அரசாங்கம் எந்தப் பக்கம் நிற்கிறது? இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அரசாங்கம் சொல்வது ஒன்று, செய்வது இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

சொன்னதும் செய்ததும்

முதலில் சொன்னது. 2023 ஒக்டோபர் 27இல் ஐ.நா. பொதுச்சபையில் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்துக்கு 120 நாடுகள் ஆதரவளித்தன. அவற்றில் இலங்கையும் ஒன்று. அன்று அயல்நாடான இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. டிசம்பர் 12இல் வந்த அடுத்த தீர்மானத்துக்கும் இலங்கை ஆதரவளித்தது. 2024 நோன்பு காலத்தில் அமைச்சுகளின் இப்தார் நிகழ்வுகளுக்கான பணத்தைக் காஸா சிறுவர்களுக்கான நிதியத்துக்கு வழங்கத் தீர்மானிக்கப்பட்டு, ஒரு மில்லியன் டொலர் கையளிக்கப்பட்டது. ஆட்சி மாறிய பின்னரும், 2025 செப்டெம்பரில் ஜனாதிபதி அநுர குமார திஸாநாயக்க ஐ.நா. பொதுச்சபையில் காஸாவில் போர்நிறுத்தத்தை வலியுறுத்திப் பேசினார்.

இனி செய்தது. 2023 நவம்பரில், யுத்தம் தொடங்கி ஒரு மாதம் கடந்த நிலையில், 10,000 இலங்கையரை விவசாய வேலைகளுக்கு அனுப்ப இஸ்ரேலுடன் உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. அதில் கையெழுத்திட்டவர் அப்போதைய தொழில் அமைச்சர் மனுஷ நாணயக்கார. 2024 ஜனவரி 3இல், ஹூதிகளின் தாக்குதலிலிருந்து கப்பல்களைப் பாதுகாக்கச் செங்கடலுக்கு எமது கடற்படைக் கப்பலொன்றை அனுப்பப்போவதாக அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அறிவித்தார். இரண்டு வாரத்துக்கு 250 மில்லியன் ரூபா செலவாகும் என்று சொன்னவரும் அவரே. அதற்கு இரண்டு நாளைக்கு முன்னர்தான் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்திருந்தது. புதிய அரசாங்கமும் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தவில்லை. 2025 ஜூலையில் 40 நாட்டவர்களுக்கு வீசாக் கட்டணம் நீக்கப்படுவதாக அறிவித்தபோது, அந்தப் பட்டியலில் இஸ்ரேலும் இருந்தது.

நியூயோர்க்கில் ஒரு வாக்கு, கொழும்பில் ஒரு கையொப்பம். இரண்டும் ஒரே அரசாங்கத்தின் கைதான்.

மக்கள் என்ன சொல்கிறார்கள்?

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையிலோ, டெக்னிக்கல் சந்தியில் ஒரு தேநீர்க் கடையிலோ பேச்சுக் கொடுத்தால் சில கருத்துகள் மாறி மாறிக் காதில் விழும்.

"போகிறவன் போகட்டும், வயிறு கேட்குமா?" என்பது ஒன்று. இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. 2022 ஏப்ரலில் நாடு வங்குரோத்தானது. எரிபொருள் வரிசையில் நின்றவர்களும், மருந்தில்லாமல் அலைந்தவர்களும் நாம்தான். வளைகுடாவில் ஒரு வீட்டுப் பணிப்பெண் பெறும் சம்பளத்தைவிடப் பல மடங்கு இஸ்ரேலில் கிடைக்கிறது. தன் மகனை அங்கே அனுப்பிவிட்டு, 2025 ஜூனில் ஈரானும் இஸ்ரேலும் 12 நாட்கள் மோதிக்கொண்டபோது இரவெல்லாம் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த சிங்களத் தாயும் எமது நாட்டுப் பிரஜைதான். அப்போது இஸ்ரேலில் சுமார் 20,000 இலங்கையர் இருந்தனர்.

"அடிபட்டவனின் இடத்தில் போய் உட்காருவதா?" என்பது இன்னொன்று. இதன் நியாயம் விளங்க ஒரு விபரம் தெரிய வேண்டும். யுத்தத்துக்கு முன்னர் காஸாவிலிருந்து சுமார் 18,000 பேரும், மேற்குக்கரையிலிருந்து ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோரும் அனுமதிப்பத்திரத்தோடு இஸ்ரேலில் வேலை செய்தார்கள். ஒக்டோபர் 7க்குப் பிறகு அவர்கள் ஏறத்தாழ எல்லோரும் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். தோட்டங்களில் பழம் பறிக்கவும் கட்டடம் கட்டவும் ஆளில்லாமல் போனது. அந்த வெற்றிடத்துக்குத்தான் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மலாவியிலிருந்தும் ஆட்கள் எடுக்கப்பட்டார்கள். ஒரு மக்களின் பிழைப்பைப் பறித்து அதையே இன்னொரு ஏழைக்குக் கொடுக்கும் ஏற்பாட்டில் நாம் பங்காளியாவதா என்பதே இவர்களின் கேள்வி.

"சின்ன நாடு, நமக்கேன் வம்பு?" என்பது மூன்றாவது. இதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஈரானுக்குத் தர வேண்டிய 250 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையால் தீர்க்க 2021இல் உடன்பட்ட நாடு இது. உமா ஓயா திட்டத்தைத் திறந்து வைக்க 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி ரைசி நேரில் வந்தார். வளைகுடாவிலிருந்து வரும் பணமில்லாமல் எமது அந்நியச் செலாவணி நிற்காது. எல்லோரோடும் ஒட்டி வாழ வேண்டிய நிலை இருக்கிறது. ஆனால் வம்பு வேண்டாம் என்கிறவர்கள் யுத்தக் கப்பல் அனுப்புவதை எப்படி நியாயப்படுத்துவார்கள்? செங்கடல் அறிவிப்புக்கு முஸ்லிம்களைவிட உரத்து எதிர்ப்புச் சொன்னவர்கள் சிங்கள மக்களிலும் இருந்தார்கள். அவர்களின் கோபம் வற் வரி கட்டுகிறவனின் கோபம்.

நெருக்கடி வரும்போதெல்லாம்

இந்த இரட்டைப் போக்கு ரணிலோடு தொடங்கியதுமல்ல, அநுரவோடு தொடங்கியதுமல்ல. 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ அரசாங்கம் இஸ்ரேலுடனான இராஜதந்திர உறவை இடைநிறுத்தியது. 1975இல் பலஸ்தீன விடுதலை இயக்கத்தின் அலுவலகம் கொழும்பில் திறக்கப்பட்டது. 1988இல் பலஸ்தீன அரசை இலங்கை அங்கீகரித்தது. இவை பெருமைப்படத்தக்கவை.

ஆனால் இடையில் 1983 ஜூலை வந்தது. யுத்தத்துக்கு ஆயுதமும் பயிற்சியும் தேடிய ஜே.ஆர். ஜயவர்தன, 1984இல் கொழும்பிலிருந்த அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன் காக்கும் பிரிவொன்றைத் திறக்க இடம் கொடுத்தார். இஸ்ரேலிய ஆலோசகர்கள் வந்தார்கள். முஸ்லிம்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அப்போது வெளிவிவகார அமைச்சராக இருந்தவர் ஏ.சி.எஸ். ஹமீத், எம்மவர். இருந்தும் அதைத் தடுக்க முடியவில்லை. 1990இல் பிரேமதாச அந்தப் பிரிவை மூடினார்.

மூடினாலும் வியாபாரம் நிற்கவில்லை. இராஜதந்திர உறவு இல்லாத 1996இலேயே இஸ்ரேலியத் தயாரிப்பான கிபிர் விமானங்கள் எமது விமானப்படைக்கு வந்தன. 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தது. அடுத்த மாதமே சந்திரிகா அரசாங்கம் இஸ்ரேலுடன் முழு உறவைப் புதுப்பித்தது. 2021இலும் கிபிர் விமானங்களைப் புதுப்பிக்க 50 மில்லியன் டொலர் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

1984இல் யுத்தம், 2000இல் ஆனையிறவு, 2023இல் வங்குரோத்து. ஒவ்வொரு தடவையும் அரசாங்கம் ஒரு நெருக்கடியில் இருந்தது. ஒவ்வொரு தடவையும் "வேறு வழியில்லை" என்றது. மக்களிடம் மட்டும் ஒரு தடவையும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் நாம் எம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ குடியேறியிருக்கும் வடபகுதித் தமிழ்க் குடும்பமொன்றிடம் "கிபிர்" என்று சொல்லிப் பாருங்கள். அது அவர்களுக்கு ஒரு விமானத்தின் பெயர் மட்டுமல்ல. பதுங்குகுழிக்குள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிய நாட்களின் பெயர். இஸ்ரேலிய அலுவலகம் திறந்தபோது வீதிக்கு வந்த நாம், இஸ்ரேலிய விமானம் வன்னி வானில் பறந்தபோது எவ்வளவு பேசினோம்? 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் வடக்கிலிருந்து விரட்டப்பட்டும் நாம் பட்ட காயம் பச்சையாக இருந்தது உண்மை. ஆனாலும் அநியாயத்துக்கு எதிரான குரல், அடிபடுகிறவன் யார் என்று பார்த்து எழக்கூடாது. அதேபோல ஒக்டோபர் 7இல் கொல்லப்பட்டவர்களில் இரண்டு இலங்கையரும் இருந்தார்கள். பிழைக்கப் போன ஏழைகள் அவர்கள். அவர்களுடைய குடும்பங்களுக்கு நாம் ஆறுதல் சொன்னோமா?

இதைச் சொல்வது எமது கோரிக்கையைப் பலவீனப்படுத்த அல்ல, பலப்படுத்தவே. காஸாவுக்காகப் பேசுவது முஸ்லிம்களின் தனி விவகாரம் என்று ஒதுக்கப்படும் வரை, எந்த அரசாங்கமும் ஒரு இப்தார் நிதியத்தோடு எம்மைச் சமாதானப்படுத்திவிடும்.

யார் தீர்மானிக்கிறார்?

யுத்தத்தையும் சமாதானத்தையும் பிரகடனம் செய்யும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 33ஆம் உறுப்புரை ஜனாதிபதிக்குத் தருகிறது. வெளிநாட்டு உடன்படிக்கைகளை நிறைவேற்று அதிகாரம் கைச்சாத்திடலாம். பெரும்பாலானவற்றுக்குப் பாராளுமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை. இதனால்தான் 10,000 பேரை யுத்த களமொன்றுக்கு அருகில் அனுப்பும் தீர்மானமும், கப்பல் அனுப்பும் தீர்மானமும் எமது பிரதிநிதிகளின் வாக்கெடுப்பு இல்லாமலே வர முடிந்தது. நாம் தெரிவு செய்யும் 225 பேருக்கும் இவை செய்தியாகவே கிடைக்கின்றன.

மாலைதீவு 2025 ஏப்ரலில் இஸ்ரேலியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் நாட்டுக்குள் வருவதைத் தடை செய்தது. அவர்களுக்கு முடியுமென்றால் எமக்கு ஏன் முடியாது என்று பலர் கேட்கிறார்கள். எமது பொருளாதாரமும் எமது பல்லின அமைப்பும் வேறு. அதே முடிவு இங்கு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே அது பாராளுமன்றத்தில் பேசப்பட்டு, சட்டமாகி வந்தது. அந்த வழிமுறையையாவது நாம் கேட்கலாம்.

பேசினால் பயங்கரவாதியா?

கேட்பதற்கு முதல் தடை பயம். 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியதற்காகக் கொழும்பில் ஒரு முஸ்லிம் இளைஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார். ஏப்ரலில்தான் பிணையில் வந்தார். ஐ.நா.வில் அரசாங்கமே சொல்லும் கருத்தை ஒரு இளைஞன் சுவரில் ஒட்டினால் அது எப்படிப் பயங்கரவாதமாகும்? 1979இன் 48ஆம் இலக்கச் சட்டம் "தற்காலிக ஏற்பாடுகள்" என்ற பெயரோடு வந்து, 2025இல் நாற்பத்தாறு வருடங்களாகியும் போகவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எமது வீடுகளில் நடந்த தேடுதல்களை எமது பிள்ளைகள் மறக்கவில்லை. அதனால் இன்று பல பெற்றோர், "முகநூலில் ஒன்றும் போடாதே மகன்" என்கிறார்கள். அந்த அச்சத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பிரஜைகள் வாய் மூடியிருக்கும் நாட்டில், வெளிநாட்டுக் கொள்கை பற்றி மக்களின் கருத்து இதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது.

செய்யக்கூடியவை

வீதிக்கு இறங்கத்தான் வேண்டும் என்றில்லை. 2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் ஒவ்வொரு பிரஜைக்கும் இருக்கிறது. இஸ்ரேலுக்கு எத்தனை பேர் போனார்கள், யுத்தம் மூண்டால் அவர்களை மீட்கும் திட்டம் என்ன, காயப்பட்டவருக்கு யார் நட்டஈடு கொடுப்பது, செங்கடல் பயணத்துக்கு உண்மையில் எவ்வளவு செலவானது என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். தேசிய பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு என்று சொல்லிச் சிலவற்றை மறுக்க சட்டம் இடமளிக்கிறது. மறுத்தால் தகவலறியும் உரிமை ஆணைக்குழு வரை மேன்முறையீடு செய்யலாம். மறுத்தார்கள் என்பதும் ஒரு தகவல்தான்.

எமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம், பலஸ்தீனுக்காக உணர்ச்சியோடு பேசுவதோடு நிற்காமல், மோதல் நடக்கும் நாடுகளுக்குத் தொழிலாளரையோ படையினரையோ அனுப்பும் எந்த உடன்படிக்கையும் முதலில் சபைக்கு வர வேண்டும் என்ற ஒரு பிரேரணையைக் கொண்டுவரச் சொல்லலாம். அதற்குச் சிங்கள, தமிழ் உறுப்பினர்களின் கையொப்பமும் கிடைக்கும். ஏனென்றால் அது இஸ்ரேலில் இருக்கும் சிங்களப் பிள்ளையையும், குவைத்தில் இருக்கும் முஸ்லிம் சகோதரியையும், கிபிரை மறக்காத தமிழ்க் குடும்பத்தையும் சேர்த்துப் பாதுகாக்கும் ஒரு கோரிக்கை.

நாளை காலையும் மருதானை நிலையத்தில் கோவையோடு ஒரு தாய் இறங்குவாள். அவளை எங்கே அனுப்புகிறோம், யாருடைய இடத்துக்கு அனுப்புகிறோம், ஆபத்து வந்தால் எப்படித் திரும்ப அழைப்போம் என்று அவளுக்குச் சொல்ல அரசாங்கம் கடமைப்பட்டிருக்கிறது. அதை அவள் சார்பில் கேட்க நாமும் கடமைப்பட்டிருக்கிறோம். எமது பள்ளிவாசல்களில் காஸாவுக்காக ஓதும் குனூத்தும் துஆவும் தொடரட்டும். ஸலாம் கொடுத்து எழுந்த பிறகு, ஒரு விண்ணப்பப் படிவத்தையும் நிரப்புவோம்.