செயின்ட் ஆங்கர் (ஒலிப்பதிவு வரலாறு)

செயின்ட் ஆங்கர் அமெரிக்க மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிக்காவின் எட்டாவது இசைத்தொகுப்பு ஆகும். 2001 ஏப்ரலில் தொடங்கிய இதன் ஒலிப்பதிவு 2003 ஏப்ரலில்தான் முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் குழு கலைந்துபோகும் நிலை வரை சென்றது.

தமிழ்த் திரைப்பாடல் பதிவுக்கும் இதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. திரைப்பாடலில் இசையமைப்பாளர் தரும் இசைக்குறிப்பைக் கலைஞர்கள் வாசிக்கிறார்கள். ஒரு வயலின் கலைஞர் வராவிட்டால் வேறொருவர் அந்த இடத்தில் அமர்ந்து வாசிப்பார். மெட்டல் குழுவில் பாட்டை உருவாக்குபவர்களே அதை வாசிக்கவும் செய்கிறார்கள். ஒருவர் மனம் கசந்தால் வேலை நின்றுவிடும்.

மெட்டாலிக்காவில் அதுவே நடந்தது. பேஸ் கித்தார் கலைஞர் ஜேசன் நியூஸ்டட் 2001 ஜனவரியில், பதிவு தொடங்கும் முன்பே விலகினார். எக்கோபிரெயின் என்ற தனிக்குழுவில் அவர் பணியாற்றுவதைப் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு விரும்பவில்லை. புதியவரைத் தேடாமல், தயாரிப்பாளர் பாப் ராக்கே பேஸ் வாசிக்க முன்வந்தார்.

சான் பிரான்சிஸ்கோவின் பிரெசிடியோ பகுதியிலிருந்த பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்று பதிவுக்கூடமாக மாற்றப்பட்டது. அதுவரை பாடல்களைப் பெரும்பாலும் ஹெட்ஃபீல்டும் டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிச்சும் முன்கூட்டியே அமைத்துக்கொண்டு வருவார்கள். இம்முறை கையில் எதுவும் இல்லாமல் வந்து, கூடி வாசித்தே இசையையும் வரிகளையும் உருவாக்குவது என்று முடிவானது. ஒருவரோடு ஒருவர் சரியாகப் பேசிக்கொள்ளாத நேரத்தில் எடுத்த விபரீதமான முடிவு இது.

குழுவினரிடையே பேச்சு நடக்க வேண்டும் என்பதற்காக பில் டவுல் என்ற பயிற்சியாளர் அமர்த்தப்பட்டார். அவருக்கு மாதச் சம்பளம் 40,000 டாலர். நாளடைவில் அவர் பாடல் வரிகளுக்கே யோசனை சொல்லத் தொடங்கியது தனிச் சிக்கலானது.

2001 ஜூலையில் ஹெட்ஃபீல்டு மதுப்பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சைக்குச் சென்றார். பதிவு அப்படியே நின்றது. டிசம்பரில் அவர் குழுவுக்குத் திரும்பினாலும், 2002 மே மாதம்தான் சான் ரஃபேல் நகரின் புதிய கூடத்தில் வேலை மீண்டும் தொடங்கியது. சிகிச்சையின் தொடர்ச்சியாக அவர் நண்பகல் 12 மணி முதல் மாலை 4 மணி வரை மட்டுமே பணியாற்றினார். தாம் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் பதிவுகளைக் கேட்கவும் கூடாது என்றார். உல்ரிச்சுக்கு இது பெருங்கோபத்தை உண்டாக்கியது. உடல்நலம் தேறிவரும் ஒருவருக்கு நேரக் கட்டுப்பாடு தேவைதான். ஆனால் மற்றவர்களின் கையையும் சேர்த்துக் கட்டியதை நியாயம் என்று சொல்வது கடினம்.

இந்த நெருக்கடியின் தடம் பாடல்களில் கேட்கிறது. நீண்ட நேரம் கூடி வாசித்தவற்றைக் கணினியில் வெட்டி ஒட்டியே பாடல்கள் அமைந்தன. 11 பாடல்களும் சேர்ந்து ஏறக்குறைய 75 நிமிடம் ஓடுகின்றன. தனி கித்தார் வாசிப்பு ஓரிடத்திலும் இல்லை. கித்தார் கலைஞர் கிர்க் ஹாமெட் இதை எதிர்த்தும் பயனில்லை. மிக அதிகமாகக் கேலிக்குள்ளானது ஸ்நேர் டிரம்மின் ஒலி. அந்த டிரம்மின் அடித்தோலை ஒட்டியிருக்கும் கம்பிகள்தான் அதற்குரிய 'சரக்' ஒலியைத் தருகின்றன. அவற்றைத் தளர்த்திவிட்டு வாசித்ததால் தகர டப்பாவைத் தட்டுவது போன்ற ஓசை வந்தது. உல்ரிச் அதையே விரும்பி வைத்துக்கொண்டார்.

தொகுப்பு 2003 ஜூன் 10 அன்று வெளிவருவதாக இருந்தது. இணையத்தில் திருட்டுத்தனமாகப் பரவும் என்ற அச்சத்தால் ஜூன் 5க்கு முன்னகர்த்தப்பட்டது. பாடல் பகிர்வுத் தளமான நாப்ஸ்டர் மீது 2000இல் இவர்கள் தொடுத்த வழக்கு பெரும்பாலோருக்கு நினைவிருந்த காலம் அது. விமர்சனங்கள் இரண்டுபட்டன. எனினும் பில்போர்டு பட்டியலில் தொகுப்பு முதலிடம் பெற்றது. தலைப்புப் பாடலுக்கு 2004இல் கிராமி விருதும் கிடைத்தது. அதே ஆண்டு, இந்த நாட்களை உடனிருந்து படம்பிடித்த ஜோ பெர்லிங்கர், புரூஸ் சினோஃப்ஸ்கி ஆகியோரின் 'சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்' ஆவணப்படம் வெளியானது. தொகுப்பைவிட இந்தப் படமே பலருக்குப் பிடித்திருக்கிறது.

பதிவு முடியும் தறுவாயில், 2003 பிப்ரவரியில், ராபர்ட் துருகியோ பேஸ் கலைஞராகச் சேர்ந்தார். தொகுப்பில் அவர் வாசிப்பு இல்லை. 2008இல் வந்த அடுத்த தொகுப்பான டெத் மேக்னடிக்கை ரிக் ரூபின் தயாரித்தார். தனி கித்தார் வாசிப்பும் அதில் திரும்பி வந்தது. 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூரு அரண்மனைத் திடலில் இந்திய ரசிகர்கள் பார்த்தது துருகியோவுடன் கூடிய இந்த நால்வர் அணியைத்தான்.