வராமல் போன நோயாளியும் கணக்கில் உண்டு

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெறும் பெண்ணுக்கு அந்த வாரங்களில் வரும் வயிற்றுப்போக்கும் சோர்வும் மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறிவிடும். அவர்தான் தினமும் அங்கே வருகிறாரே. மலக்குடலில் இரத்தக் கசிவு, சிறுநீரில் இரத்தம், குடல் சுருக்கம் போன்றவையோ சில மாதங்கள், சில ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டுபவை. திருச்சிக்கு சிகிச்சைக்கு வருபவர்களில் ஸ்ரீரங்கத்துக்காரர் ஆற்றைத் தாண்டினால் போதும். அரியலூரிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் வருபவருக்கு ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு நாள் கூலி. 'கரண்ட் வைத்து' நோய் குணமான பின் அவர் வராமல் போவதில் வியப்பில்லை.

நூறு பெண்களில் மூன்றாம் ஆண்டில் நாற்பது பேரே வந்தார்கள், அவர்களில் பத்துப் பேருக்கு இரத்தக் கசிவு என்று வைத்துக்கொள்வோம். பாதிப்பு பத்து சதவீதமா, இருபத்தைந்தா? நூறால் வகுத்தால், வராத அறுபது பேரும் நலம் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். நாற்பதால் வகுத்தால், தொல்லை உள்ளவர்களே அதிகம் வந்திருக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறோம். 1958இல் கப்லானும் மேயரும் தந்த முறை, ஒவ்வொருவரையும் அவர் கண்காணிப்பில் இருந்த காலம் வரை மட்டும் கணக்கில் சேர்க்கிறது. ஆனால் வராதவர்களின் நிலையும் வந்தவர்களின் நிலையும் ஒன்றே என்ற அனுமானத்தில் அது நிற்கிறது. பக்கவிளைவு தோன்றுமுன் இறந்தவர்களைப் பாதியில் விலகியவர்களாகக் கொண்டால் விகிதம் கூடிவிடும். அவர்களைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

பக்கவிளைவைப் பேசினால் மக்கள் சிகிச்சைக்கே பயப்படுவார்கள் என்பார்கள். இந்தத் தயக்கத்தில் அக்கறை இருக்கிறது. ஆனாலும் கணக்கெடுத்ததால்தான் சிகிச்சை மேம்பட்டது. டாடா நினைவு மருத்துவமனை நடத்திய 'பார்சர்' ஆய்வில், கருப்பை அகற்றிய பின் கதிர்வீச்சு பெற்ற 300 பெண்கள் இரு பிரிவாகக் கண்காணிக்கப்பட்டனர். மிதமானதும் அதற்கு மேற்பட்டதுமான தாமதக் குடல் பாதிப்பு, மூன்றாண்டில் பழைய முறையில் 42.4 சதவீதம், தினமும் படமெடுத்துக் கதிரின் அளவைக் கட்டுப்படுத்திய புதிய முறையில் 21.1 சதவீதம். ஆண்டுக்கணக்கில் பெண்களைப் பின்தொடராமல் இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது. பெரிய ஆய்வு மையங்களுக்குத்தான் இது சாத்தியம் என்பதையும் ஏற்க முடியவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் நான்கு கேள்விகள் கேட்க ஒரு செவிலியர் போதும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே போகிறார்களே, அந்தக் கேள்விகளை அவர்களும் கேட்கலாம்.

கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எத்தனை ஆண்டு கழித்து இரத்தம் கண்டாலும், மூலம் என்று நீங்களாக நினைத்து விட்டுவிடாதீர்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அந்தச் சிகிச்சையைச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வையுங்கள். சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கும் ஒரு தகவல் கொடுங்கள்.