கால் இழுக்கும் முயலுக்குக் கர்ப்பப்பையை எடுக்கலாமா?

மலேசியாவின் லிங்கி பக்கத்துச் செம்பனைத் தோட்ட வீடுகளில் கோழிக்குக் கால் முடங்கினால் அது குழம்புக்குப் போய்விடும். செல்ல முயலுக்கு முடங்கினால் வீடே கூடிப் பேசும். பெண் முயலென்றால் பேச்சு இன்னொரு கேள்வியில் வந்து முட்டும்: இந்த நிலையில் கர்ப்பப்பையை எடுக்கலாமா?

எடுக்கச் சொல்வது புற்றுநோய் பயம். 1938இல் அமெரிக்காவில் ஆய்வாளர்கள் கிரீனும் சாக்ஸ்டனும் முயல்களின் கர்ப்பப்பைக் கட்டிகளைப் பற்றி எழுதினார்கள். சில இனங்களில் நான்கு வயது தாண்டிய பெண் முயல்களில் பாதிக்கு மேல் இந்தப் புற்று வருவது பின்னர் தெரிந்தது. துணைக்கு இருக்கும் ஆண் முயலுக்குக் கருத்தடை செய்வது எளிது. குட்டி பிறக்காது, ஆனால் பெண்ணின் புற்றுக்கு அது மருந்தல்ல.

தயங்க வைப்பது மயக்க மருந்து. பிரிட்டனில் 2008இல் வெளியான பெரிய ஆய்வில், மயக்கம் கொடுத்த ஆரோக்கியமான முயல்களில் 0.73 விழுக்காடு இறந்தன. நோயுற்றவற்றில் 7.37.

கால் இழுக்கும் முயல் இதில் எந்தக் கணக்கில் சேரும்? கால் ஏன் இழுக்கிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் கிடையாது. முயலின் எலும்புக்கூடு உடல் எடையில் எட்டு விழுக்காடுகூடத் தேறாது. பின்பக்கத்தைத் தாங்காமல் தூக்கினால், உதறும் வேகத்தில் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளக்கூடும். பிறவியிலேயே கால் அகன்ற முயலோ, பழைய முறிவு ஆறிய முயலோ நன்றாகத் தின்று திரிந்தால், இளவயதிலேயே அறுவையை முடித்துவிடுவது நல்லது. என்செபலிட்டோசூன் என்ற நுண்ணுயிரி மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கியிருந்தால் கதை வேறு. முதலில் 28 நாள் ஃபென்பெண்டசோல் மருந்து, பிறகுதான் கத்தி. முதுகெலும்பு தேய்ந்த கிழ முயலுக்கு ஸ்கேனில் கட்டி தெரியாவிட்டால் விட்டுவிடலாம். சிறுநீர் சிவந்ததும் கட்டியால் வரும் ரத்தமென்று பதறவும் வேண்டாம். தீவன நிறமியும் அப்படிச் சிவக்க வைக்கும், சோதித்தால் தெரிந்துவிடும்.

செரெம்பானுக்கோ செர்டாங் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கோ கொண்டுபோவதானால் விடியற்காலையே நல்லது. முயலுக்கு வெயில் ஆகாது. முயலால் வாந்தியெடுக்க முடியாது என்பதால் அறுவைக்கு முன் வயிற்றைக் காயப்போட வேண்டியதில்லை.

வீடு திரும்பியதும் வேலை கூடும். முடங்கிய முயலால் பின்புறத்தை நக்கிச் சுத்தம் செய்ய முடியாது. மூத்திரம் தோலைப் புண்ணாக்கும், நம் ஊர் ஈ அங்கே முட்டையிடும். அறுவைக்குப் பின் எடையும் ஏறும், அந்தப் பாரமும் அதே கால்களில்தான். தீவனத்தைக் குறைத்துக் காய்ந்த புல்லைக் கூட்ட வேண்டும். முதல் நாள் புழுக்கை விழாவிட்டால் மருத்துவரைக் கூப்பிட மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.