பின்சந்தில் கொட்டும் வெப்பம்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலைக் கடைவீடுகளின் பின்சந்தில் நடந்தால், ஏர்கான் வெளிப்பெட்டிகளின் அனல் முகத்தில் அடிக்கும். அதே சுவருக்கு உள்ளே உணவகச் சமையலறையில், எண்ணெய்ப் பிசுக்கேறிய பாத்திரங்களைக் கழுவத் தனியாக வெந்நீர் காய்கிறது. காசு கொடுத்துச் சூடாக்கிக்கொண்டே சூட்டைத் தெருவில் கொட்டுகிறோம். குளிர்ச்சி, வெந்நீர் இரண்டையும் ஒரே கருவியால் முடிக்கலாமா? ஜப்பானியர்கள் ஏர்கானை ஓட்டவே எஞ்சினை வைத்தார்கள்.

ஏர்கானும் ஒரு ஹீட் பம்ப்தான். வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் விடும். அதன் கம்ப்ரஸரை வழக்கமாக மின்மோட்டார் சுழற்றும். யன்மார் முதலிய ஜப்பானிய நிறுவனங்கள் 1980களில் அங்கே எரிவாயு எஞ்சினைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தன. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரிலும் புகையிலும் போகும் வெப்பம் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்க உதவும். 2011 நிலநடுக்கத்துக்குப் பின் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது எஞ்சின் ஏர்கானின் மதிப்பு இன்னும் கூடியது.

சிங்கப்பூருக்குக் குளிர்காலம் இல்லை, கணக்கே மாறுகிறது. தோராயமாகப் பார்ப்போம். 100 பங்கு எரிவாயுவில் எஞ்சின் 33 பங்கைச் சுழற்சியாக்கும். கம்ப்ரஸர் அதை நான்கு மடங்காக்கினால் 132 பங்கு குளிர்ச்சி, கூடவே 45 பங்கு வெந்நீர். அதே எரிவாயு மின்நிலையத்தில் எரிந்தால் 50 பங்கு மின்சாரம். சாதாரண மின்ஹீட்டர் அந்த வெந்நீருக்கே 45 பங்கை விழுங்கிவிடும். மிஞ்சும் 5 பங்கில் 20 பங்கு குளிர்ச்சிதான் கிடைக்கும். எஞ்சின் இங்கே வெகு தூரம் முந்துகிறது. ஆனால் வெந்நீரையும் மின்சார ஹீட் பம்பால் காய்ச்சினால் 15 பங்கு மின்சாரம் போதும். மீதியில் 140 பங்கு குளிர்ச்சி. எஞ்சின் பின்தங்குகிறது. வெந்நீரே தேவைப்படாத துணிக்கடையில் இடைவெளி இன்னும் பெரிது: 200க்கு 132.

இதோடு எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுதல், புகைக்குழாய், இரைச்சல் வேறு. மாடியில் ஆட்கள் உறங்கும் குறுகலான சந்தில் இவை சின்ன விஷயங்கள் அல்ல. மேலும், சிங்கப்பூர் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இன்று இயற்கை எரிவாயுவிலிருந்து வந்தாலும், 2035க்குள் 6 கிகாவாட் அளவுக்குக் கரிமம் குறைந்த மின்சாரத்தை இறக்குமதி செய்யும் திட்டம் இருக்கிறது. மின்கம்பி தூய்மையாகிக்கொண்டே போகும்; கடைவீட்டில் பொருத்திய எஞ்சின் அதே எரிவாயுவைத்தான் எரிக்கும்.

ஆகவே லிட்டில் இந்தியாவுக்கு நான் எஞ்சினைப் பரிந்துரைக்க மாட்டேன். ஏர்கான் வெளியே தள்ளும் சூட்டையே தண்ணீர்த் தொட்டிக்குத் திருப்பும் கருவிகள் சந்தையில் உள்ளன. உணவகத்துக்குப் புது ஏர்கான் போடும்போது, வெளிப்பெட்டியைச் சந்தில் மாட்டும் முன்பே ஒப்பந்தக்காரரிடம் அந்தக் கருவிக்கு விலை கேட்டுவிட வேண்டும்.