ஒரே சொல்லுக்குள் இரண்டு துயரம்

தேர்வுக்கு முந்தைய இரவின் படபடப்பையும் 'மன அழுத்தம்' என்கிறோம். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போகிற நோயையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். முதலாவது தேர்வு முடிந்ததும் தணிந்துவிடும். இரண்டாவதற்கு மருத்துவ உதவி வேண்டும். அதற்கு 'மனச்சோர்வு' என்று தனிச்சொல் இருந்தாலும், மயிலாப்பூரிலும் தி.நகரிலும் கல்லூரிப் பிள்ளைகள் வாயில் வருவது டென்ஷன், டிப்ரெஷன், மூட் அவுட். இளையோருக்குத் தமிழில் மனநலக் கையேடு எழுத உட்காருகிறவர் முதலில் அவிழ்க்க வேண்டியது இந்தச் சொல் முடிச்சைத்தான். நோயின் பெயரிலிருந்து தொடங்கினால், 'இது எனக்கில்லை' என்று பிள்ளை மூடி வைத்துவிடும். மனநல மருத்துவமனை இருப்பதால் 'கீழ்ப்பாக்கம்' என்ற இடப்பெயரையே வசையாக்கி வைத்திருக்கிற நகரம் சென்னை. ஆகவே, எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்குகிறதா, பாடத்தில் மனம் நிற்கிறதா என்று அவர்கள் தங்களிடமே காணக்கூடியவற்றிலிருந்து தொடங்க வேண்டும். எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் அந்த வயதினரிடமே படிக்கக் கொடுத்து, புரியாத வரியை அடிக்கச் சொல்ல வேண்டும்.

ஒரு கையேட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குப் பதில் இருக்கிறது. ஐரோப்பாவின் 10 நாடுகளில், 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2015இல் லான்செட் இதழில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வீட்டுக்கு எடுத்துச்செல்ல 32 பக்கக் கையேடு, வகுப்பறைச் சுவரொட்டிகள், இரண்டு கலந்துரையாடல்கள், மூன்று மணி நேரம் தாங்களே நடித்துப் பார்க்கும் பயிற்சி. ஓராண்டுக்குப் பின், சுவரொட்டி மட்டும் பார்த்த பிரிவில் ஆயிரத்துக்குச் சுமார் 15 பேர் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். கையேடும் பயிற்சியும் பெற்ற பிரிவில் 7 பேர். ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்த பிரிவில் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. பிள்ளைகளைப் பற்றிப் பெரியவர்களுக்குச் சொல்வதைவிடப் பிள்ளைகளோடு பேசுவதே பலித்தது என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

தற்கொலையைப் பற்றிப் பேசினால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அக்கறையோடு கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்பதே ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது. இன்னொரு மறுப்புதான் கனமானது: சாதாரண வருத்தத்துக்கெல்லாம் நோய்ப்பெயர் ஒட்டப் பழக்குகிறோமா? பிரிட்டனில் பள்ளி மாணவர் எல்லோருக்கும் மனக்குவிப்புப் பயிற்சி அளித்த பெரிய ஆய்வு, 2022இல் பலன் இல்லை என்றே முடிந்தது. நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதை ஏற்கத்தான் வேண்டும். அதனால்தான் கையேட்டில் 'இது நோயல்ல, கடந்துபோகும்' என்று சொல்லும் பக்கங்கள், 'இதற்கு உதவி கேள்' என்று சொல்லும் பக்கங்களுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்கிறேன்.

உதவி கேள் என்றால் எங்கே என்றும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். அடையாறு, மயிலாப்பூர்ப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில், ராஜா அண்ணாமலைபுரத்தில் சினேகா இருக்கிறது; டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு. தன்னார்வலர்கள் குறுக்கிடாமல் கேட்கிறார்கள். சொன்னது வெளியே போகாது. அதுபோக, அரசின் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். மே மாதம் பிளஸ் டூவில் தவறிய பிள்ளைக்கோ அன்று இவற்றோடு இன்னொரு தகவலும் வேண்டும்: துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரியில் சேர வழியுண்டு என்பது. மதிப்பெண் தெரியும் அதே திரையில், அதற்கு நேர் கீழே, துணைத்தேர்வுத் தேதியும் 14416உம் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.