முகத்துவாரத்தை நம்பியிருக்கும் நெல்

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் ரயில் பாதையில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையில் அமைந்துள்ள அனுப்பம்பட்டு தொடங்கி, கிழக்கே பழவேற்காடு ஏரி வரை பரந்து கிடக்கும் தாழ்நிலம், ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து சேர்த்த வண்டலால் ஆனது. இந்நிலத்தின் மேற்குப் பகுதியில் நெல்லும், ஏரியோரக் குப்பங்களிலும் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட காட்டுப்பள்ளித் தீவிலும் மீனும் மக்களின் வாழ்வாதாரமாக இருந்துவருகின்றன. புயல், வெள்ளம், வறட்சி, உவர்ப்பு ஆகியவை இங்கே தனித்தனியே வந்து போவதில்லை. ஒன்று விட்டுச்சென்ற சேதத்தின் மீதே அடுத்தது வந்து இறங்குகிறது. இப்படி அடுத்தடுத்து வரும் பல இடர்களைத் தாங்கி மீண்டும் தொழிலுக்குத் திரும்பும் ஆற்றலையே பேரிடர் மேலாண்மைத் துறையினர் தாங்குதிறன் என்கின்றனர்.

சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலான பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. காயல் என்பது மணல் திட்டால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, ஒரு திறப்பின் வழியாக மட்டும் கடலுடன் தொடர்புகொள்ளும் ஆழமற்ற நீர்நிலையாகும். அந்தத் திறப்பே முகத்துவாரம். ஆற்று நீர்வரத்து குறையும் மாதங்களில் அலைகள் கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடுவதால், கோடையில் ஏரி நீர் ஆவியாகி உப்பு மிகுவதோடு, கடலில் பொரித்து ஏரிக்குள் வந்து வளர வேண்டிய இறால் குஞ்சுகளின் வழியும் மறிக்கப்படுகிறது. இதை மீனவர் சிக்கல் என்று மட்டும் கருதுவது பிழை. வடகிழக்குப் பருவமழையின்போது ஆந்திரத்தின் பிச்சாட்டூர் அணையிலிருந்து திறக்கப்படும் உபரிநீர் ஆரணியாற்றில் பெருக்கெடுத்து வருகையில், முகத்துவாரம் குறுகியிருந்தால் வெள்ளம் வடிய வழியின்றிப் பின்னோக்கித் தேங்கி, ஆண்டார்மடம் போன்ற கடைமடை ஊர்களின் வயல்களை மூழ்கடிக்கிறது. அதே முகத்துவாரம் நன்கு திறந்திருக்க ஆற்றில் நீர்வரத்து இல்லாமல் போனால், ஓதநீர் ஆற்றின் கடைப்பகுதிக்குள் ஏறி உப்பைக் கொண்டுசெல்கிறது. ஆகவே முகத்துவாரத்தைத் தூர்வாரி நிலைப்படுத்தும் பணியும், ஆற்றின் கடைசியில் ஓதநீரைத் தடுத்து நன்னீரைத் தேக்கும் பணியும் ஒரே திட்டத்தின் இரு பாதிகளாக நடைபெற்றாக வேண்டும். காட்டூர், தத்தைமஞ்சி ஏரிகளை இணைத்து ஆரணியாற்று நீரைத் தேக்கும் திட்டத்தின் பயனையும் இந்தக் கண்கொண்டே மதிப்பிட வேண்டியுள்ளது.

நிலத்துக்கு அடியில் நடந்திருப்பது இன்னும் கவலைக்குரியது. 1960களின் பிற்பகுதியில் இப்படுகையின் நிலத்தடி நீர்வளம் ஆராயப்பட்ட பின்னர், மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் அமைக்கப்பட்ட கிணற்றுத் தொகுதிகளிலிருந்து சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் நீர் எடுக்கப்பட்டது. பாசனத்துக்காக உழவர்களும் ஆழ்குழாய்களை இறக்கினர். கடலோர மண்ணில் எடைகுறைந்த நன்னீர், எடைமிகுந்த உப்புநீரின் மீது மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலின் பொதுக் கணக்கு. நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் உப்புநீர் அதே விகிதத்தில் மேலேறும் என்பது அக்கணக்கின் மறுபக்கம். 1969இல் கடற்கரையிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருந்த உவர்நீர் எல்லை, பின்வந்த சில பத்தாண்டுகளில் பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்நாட்டுக்குள் நகர்ந்தது. 2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை செயல்படத் தொடங்கியது சென்னைக்கு உதவியதே தவிர, உவர்த்துப்போன கிணறுகளை அது மீட்கவில்லை.

காட்டுப்பள்ளி போன்ற மணல் தீவுகளிலோ இந்த நன்னீர் மெல்லிய வில்லையாகவே மணலுக்குள் தங்குகிறது. ஆழ்குழாய் இறக்குவது அவ்வில்லையைக் கிழிப்பதற்கு ஒப்பாகும் என்பதால், ஆழமில்லாத அகன்ற ஊற்றுக்குழிகளிலிருந்து மேல்நீரை மட்டும் சிறிது சிறிதாக எடுப்பதே அங்கே ஏற்ற முறை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் தமிழகக் கடலோரத்தில் கடல்நீர் புகுந்த மணற்பாங்கான நிலங்கள் பல, அடுத்து வந்த நல்ல மழையால் உப்புக் கழுவப்பட்டு மீண்டன. களிமண் நிலங்களுக்கு அந்த வாய்ப்பு எளிதில் அமைவதில்லை.

மண்ணைச் சீர்திருத்தும் வழிகளிலும் தெளிவு வேண்டும். கரையும் உப்புகள் மிகுந்தது உவர் நிலம். சோடியம் மண்துகள்களில் ஒட்டிக்கொண்டு மண்ணை இறுகச்செய்வது களர் நிலம். களருக்கு ஜிப்சம் மருந்தாகும். உவருக்குத் தேவைப்படுவது நன்னீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வெளியேற்றும் வடிகால் மட்டுமே. மண்பரிசோதனை செய்யாமல் எல்லா வயலுக்கும் ஜிப்சம் மூட்டைகளை இறக்குவது அரசுப் பணத்தை மண்ணில் கொட்டுவதாகும். தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது இருவகை நிலத்துக்கும் நன்மை தரும். விதையைப் பொறுத்தவரை, களரைத் தாங்கும் டி.ஆர்.ஒய். ரகங்களும், குழியடிச்சான் போன்ற மரபு நெல்வகைகளும் தமிழகத்தில் உள்ளன. கேரளத்தின் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல்லும், உப்பேறும் மாதங்களில் இறாலும் மாறிமாறி விளைகின்றன. ஆயினும் பொக்காளியை அப்படியே பெயர்த்து இங்கே நடமுடியாது. அங்கு தென்மேற்குப் பருவமழை உப்பைக் கழுவுவதுபோல இங்கு வடகிழக்கு மழை கழுவும் வாரங்கள் குறைவு.

பழவேற்காட்டு மீனவர்களிடையே நெடுங்காலமாக நிலவும் பாடு முறையில் உழவர்கள் எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு நெறி இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர், வலை கட்டும் நல்லிடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதால், வலியவர் மட்டும் எப்போதும் நல்ல இடத்தைப் பிடித்துவிட முடிவதில்லை. நிலத்தடி நீருக்கு இத்தகைய முறை எதுவும் இல்லாமற்போனதன் விலையையே மீஞ்சூர்ப் பகுதி இன்று செலுத்துகிறது. அதே வேளையில் பாடு உரிமை இல்லாத இருளர்களும் தலித் மீனவர்களும் ஏரியில் கையாலும் சிறுவலையாலும் பிழைத்து, இறால் குறையும் ஆண்டில் முதலில் பட்டினிக்கு உள்ளாகிறார்கள் என்பதால், அம்முறையைப் புகழ்வதோடு நின்றுவிட முடியாது.

நிவாரணத்திலும் இதே ஓட்டை தென்படுகிறது. பயிரில் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் ஏற்பட்டிருந்தால் மட்டுமே இடுபொருள் நிவாரணம் கிடைக்கும். அதுவும் பட்டா வைத்திருப்பவர் கைக்கே எளிதில் போய்ச்சேர்கிறது. குத்தகைக்கு உழுபவர், நாற்று நடும் பெண்கள், நண்டு பிடிப்பவர் ஆகியோரின் இழப்பு எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் வடியுமுன்னரே எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீனவரின் வலைகளையும் படகுகளையும் கெடுத்தபோது, இயற்கைப் பேரிடரும் தொழிற்சாலைப் பேரிடரும் ஒரே வாரத்தில் ஒரே மக்களைத் தாக்கக்கூடும் என்பது வெளிப்பட்டது.

பிச்சாட்டூர் அணை நீர் திறக்கப்படும் செய்தி கடைமடை உழவரையும் ஏரி மீனவரையும் ஒரே நேரத்தில் சென்றடைவதும், ஒவ்வொரு ஆண்டும் அக்டோபருக்கு முன்னர் நீர்வளம், மீன்வளம், வேளாண்மை, வனம், வருவாய் ஆகிய துறைகள் இரு மாநில அலுவலர்களுடனும் ஊர் மக்களுடனும் ஒரே கூட்டத்தில் அமர்ந்து முகத்துவாரத்தின் நிலையைப் பார்ப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் பணிகள் அல்ல. வரும் பருவமழைக்கு முன்னரே திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் இதைத் தொடங்கிவைக்க வேண்டும்.