திருநாமமும் தாஸ்யநாமமும்

புதுவைக்கு மேற்கே வில்லியனூரில் வரதராஜப் பெருமாள் கோயில் கொண்டு எழுந்தருளியுள்ளார். 'வரதன்' என்பதற்கு வரமளிப்பவன் என்பது பொருள். கச்சிப் பேரருளாளனுக்கும் உரிய இத்திருநாமத்தை ஆண்மக்களுக்கும், அங்குள்ள பெருந்தேவித் தாயாரின் திருநாமத்தைப் பெண்மக்களுக்கும் இடுவது வைணவ இல்லங்களின் வழக்கம்.

இவ்வழக்கிற்குப் பெரியாழ்வார் திருமொழி நான்காம் பத்தின் ஆறாம் திருமொழி பிரமாணமாகும். காசுக்கும் ஆடைக்கும் ஆசைப்பட்டு மானிடர் பெயரை மகவுக்கு இடுவதை ஆழ்வார் அதில் விலக்குகிறார். எம்பெருமான் திருநாமத்தை இட்டழைக்கும் தாய் நரகம் புகாள் என்று அறுதியிடுகிறார். மகனை அழைப்பதே நாமஸங்கீர்த்தனமாகிவிடுகிறது என்பது கருத்து. ஸ்ரீபாகவதம் ஆறாம் ஸ்கந்தத்து அஜாமிளன், அந்திமகாலத்தில் நாராயணன் என்னும் தன் மகனை அழைத்தே யமதூதரிடமிருந்து மீண்டான்.

பெயரின் முன் நிற்கும் எழுத்து தந்தையைச் சுட்டும். வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்தபோது, 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தம் வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர் குடும்பப் பெயரொன்றைப் பதிவு செய்தனர். அது குடும்பத்தைச் சுட்டிற்று. பஞ்சஸம்ஸ்காரத்தில் மூன்றாவதான நாமஸம்ஸ்காரத்தில் ஆசார்யன் அருளும் 'ராமாநுஜதாஸன்' என்னும் பெயரோ இவ்விரண்டையும் சுட்டாது. யாருக்கு அடிமை என்பதையே சுட்டும். ஆதலின் பல குடியிற் பிறந்தோர்க்கும் அது ஒன்றே.

திருநாமம் இட்டபின் அதனை 'வரது' என்றும் 'நாணு' என்றும் சிதைத்து அழைத்தால், ஆழ்வார் கருதிய பயன் அழைப்பவர் வாய்க்கு எட்டாது போகும். முழுப்பெயரால் அழைப்பதே இட்டதன் பயன்.